‘சாதாரணக் காயம்’ என்று எழுதுவதற்கு முன்னால்

ஓர் ஊரில் நம் மக்கள் மீது தாக்குதல் நடந்ததாகத் தகவல் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்விகள் எவை? “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல பதிவு பண்ணாங்களா? குற்றவாளியைப் பிடிச்சாங்களா?” கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இன்னொரு வரிசைக் கேள்விகளை நம்மில் பலர் கேட்பதே இல்லை. “எக்ஸ்ரே எடுத்தாச்சா? ஏ.ஆர். நகல்ல என்ன எழுதியிருக்கு? விரல் மடங்குதா?”

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் முதல் வரிசைக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களும் பலவீனமாகிவிடும். முறிந்த எலும்பைச் சரியாகக் கண்டறிவது, சரியாகப் பதிவு செய்வது, அந்தக் கை மறுபடி வேலை செய்யும்வரை வைத்தியம் பார்ப்பது ஆகிய மூன்றையும் மருத்துவமனையின் பொறுப்பு என்று விட்டுவிட முடியாது. வழக்கை நடத்தும் இயக்கத்துக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

2025 மார்ச் 10 அன்று தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு தலித் மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு அரிவாளால் வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற வன்மம்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்கள் பல மணி நேரம் அறுவை சிகிச்சை செய்து விரல்களைப் பொருத்தினார்கள். நாடு முழுவதும் செய்தியானது. தலைவர்கள் வந்தார்கள், கண்டனக் கூட்டங்கள் நடந்தன. இப்படிப்பட்ட ஒரு கை பழையபடி பேனா பிடிக்க எத்தனை மாதப் பயிற்சி வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் எந்தக் கண்டனத் தீர்மானத்திலும் என் கண்ணில் படவில்லை.

ஒரு கீறலின் விலை

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு ‘கொடுங்காயம்’ எது என்று பட்டியலிடுகிறது. எலும்போ பல்லோ முறிந்தாலும், இடம் பெயர்ந்தாலும் அது கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவிலும் இதுவே இருந்தது. எலும்பு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, விரிசலும் முறிவுதான் என்று ஹோரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி கணக்கைப் பாருங்கள். ‘சாதாரணக் காயம்’ என்றால் 115(2)ஆம் பிரிவு, அதிகபட்சம் 1 ஆண்டு. எலும்பு முறிந்திருந்தால் 117(2), 7 ஆண்டு வரை. அரிவாள் போன்ற கொடிய ஆயுதத்தால் முறிந்திருந்தால் 118(2), 10 ஆண்டு அல்லது ஆயுள். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள ஒரு குற்றத்தை, எதிரில் இருப்பவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே ஒருவர் செய்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு உள்ளே வரும். அதற்குத் தண்டனை ஆயுள்.

1 ஆண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவே சில நேரம் நிற்பது ஒரு எக்ஸ்ரே படத்தில் தெரியும் மெல்லிய கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து எழுத வேண்டியவர் இரவுப் பணியில் இருக்கும் ஒரு மருத்துவர். அவர் எழுதாமல் விட்டால், பிறகு நாம் எத்தனை ஆர்ப்பாட்டம் நடத்தினாலும் அந்தக் கோடு தானாக வழக்குக் கட்டுக்குள் வந்து சேராது.

மருத்துவமனை வாசலில்

அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் அவை முக்கியம். கை, கால் கோணலாக இருந்தால் இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். முறிந்த இடத்துக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையாதபடி கட்டை, அட்டை, மடித்த செய்தித்தாள் எதையாவது வைத்துக் கட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது, மஞ்சளோ காபித்தூளோ போடக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்து உடனே கொண்டுபோக வேண்டும். அப்படித் திறந்த முறிவில் கிருமி நுழையும். எவ்வளவு சீக்கிரம் ஆன்டிபயாடிக் ஊசி விழுகிறதோ அவ்வளவு நல்லது.

விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும். நம் ஊர் வெயிலில் குளிர்ச்சி இல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த விரலுக்கு நஷ்டம்.

மருத்துவமனைக்குப் போனதும், “போலீஸ் கேஸ், முதல்ல ஸ்டேஷன் போயிட்டு வாங்க” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, காவல்துறை நடைமுறைக்குக் காத்திருக்காமல் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இளம் தோழர்கள் இந்தப் பெயரை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது விபத்துப் பதிவேடு. எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்வது இதைத்தான். தாக்கியவர்கள் எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எங்கே, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு என்று அடிபட்டவர் சொல்வதை மருத்துவர் இதில் எழுதுவார். பயத்தில் “கீழே விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே மாறிவிடும். ஐந்து பேர் அடித்ததை ஏ.ஆரில் “இரண்டு பேர்” என்று சொல்லி, எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேரைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையைத் தொடங்குவதே அந்த இடத்திலிருந்துதான். நிலைமை மோசமாக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவர் பொறுமையாகக் கேட்டு, சரியாகச் சொல்ல வைக்க வேண்டும். எங்கெல்லாம் வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்க வேண்டும். தலைக்காயத்தைப் பார்க்கும் அவசரத்தில் வீங்கிய மணிக்கட்டை யாரும் கவனிக்காமல் போவது நடக்கிற விஷயம்.

முதல் படத்தில் தெரியாத முறிவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முறிவும் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாது.

மணிக்கட்டில் கட்டைவிரலின் அடியில் ஸ்கேபாய்டு என்று ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. யாராவது தள்ளிவிட்டு, கையை ஊன்றி விழும்போது இது முறியலாம். இந்த முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது எலும்பு மருத்துவர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள். அதற்குள் முறிந்த விளிம்பு கொஞ்சம் கரைந்து, கோடு தெளிவாகிவிடும். விலா எலும்பு விரிசலும் இப்படித்தான் ஏமாற்றும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஸ்கேபாய்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, கூடாமலேயே போய், சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்துவிடும்.

ஆனால் நம் ஆட்களுக்கு என்ன நடக்கிறது? முதல் படத்தில் ஒன்றும் இல்லை. ‘சாதாரணக் காயம்’ என்று சான்றிதழ் காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வலி போகவில்லை, ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் மறுபடி வரிசையில் நிற்பது? இரண்டாவது படம் எடுக்கப்படுவதே இல்லை. எலும்பு முறிந்தது முறிந்ததுதான், காகிதத்தில் மட்டும் அது முறியவில்லை.

ஆகவே தோழர்களே, 14ஆம் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடிபட்டவரை நாமே அழைத்துப்போய் மறுபடி காட்ட வேண்டும். முறிவு தெரிந்தால், மருத்துவரிடம் திருத்திய கருத்தை எழுதி வாங்கி, அதை விசாரணை அதிகாரிக்கு மனுவாகக் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். வன்கொடுமை வழக்கை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. மனு அவர் பெயருக்கே போகட்டும். இன்னொன்று: முறிவே இல்லாவிட்டாலும், 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அந்த 15 நாளும் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ, அதையும் 116ஆம் பிரிவு கொடுங்காயம் என்றே சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 20 நாள். மருத்துவச் சீட்டுகளைத் தேதி வாரியாகப் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

வைத்தியர் வீடும் மூங்கில் பத்தையும்

தென் மாவட்டங்களில் எலும்பு முறிந்தால் பலர் முதலில் போவது கட்டு வைத்தியரிடம். இதை மூடநம்பிக்கை என்று பழிக்க எனக்கு மனமில்லை. வைத்தியர் பக்கத்து ஊரில் இருக்கிறார், கையில் இருப்பதை வாங்கிக்கொள்கிறார், சாதி கேட்டு முகம் சுளிப்பதில்லை என்ற நம்பிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் வைத்தியத்தையும் பிரசவத்தையும் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் சவரத் தொழில் செய்யும் மக்கள் முக்கியமானவர்கள். அவர்களின் அறிவைப் பயன்படுத்திக்கொண்டே அவர்களைத் தாழ்த்தி வைத்தது இந்தச் சமூகம். அந்த வரலாற்றை மறக்கக் கூடாது.

ஆனாலும் இரண்டு விஷயங்களை நேராகச் சொல்ல வேண்டும். முதலாவது, இறுக்கமான கட்டு. முறிந்த கை முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, ஏறக்குறைய 6 மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் கழுகின் நகம்போல மடங்கி நின்றுவிடும், அல்லது கையையே எடுக்க வேண்டிவரும். மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. மாத்திரைக்கும் அடங்காத வலி, விரலை மெல்ல நீட்டினாலே உயிர் போகும் வேதனை, மரத்துப்போதல், விரல் வெளுத்தோ நீலமாகவோ மாறுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே கட்டைத் தளர்த்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, ஆவணம். வைத்தியர் கட்டிய கட்டுக்கு ஏ.ஆர். கிடையாது, காயச் சான்றிதழ் கிடையாது. பத்து நாள் கழித்து அரசு மருத்துவமனைக்குப் போனால், “அடி விழுந்தது அன்றைக்கா, அதற்குப் பிறகா?” என்று கேட்பார்கள். எண்ணெய்க் கட்டில் நம்பிக்கை இருப்பவரும் முதலில் அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளட்டும்.

‘வழுக்கி விழுந்த’ கைகள்

காவல் நிலையத்தில் முறியும் எலும்புகளைப் பற்றிப் பேசாமல் தூத்துக்குடியிலிருந்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது. கைது செய்யப்பட்டவர் மறுநாள் கையிலோ காலிலோ மாவுக்கட்டுடன் நிற்கும் படம் வெளியாகிறது. கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று சொல்கிறார்கள். சமூக வலைத்தளங்களில் அதற்குக் கைதட்டல் வேறு. கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீசார் விழ மாட்டார்களா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது.

நீதிமன்றம் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தேட எலும்பியலிலும் ஒரு வழி இருக்கிறது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. வழுக்கி, கையை ஊன்றி விழுந்தால் பொதுவாக முறிவது மணிக்கட்டை ஒட்டிய ரேடியஸ். தலைமேல் விழும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் அடி விழுவது அல்னாவின் நடுப்பகுதியில். அல்னா மட்டும் நடுவில் முறிந்திருப்பதை உலகம் முழுவதும் பாடப்புத்தகங்கள் ‘நைட்ஸ்டிக் முறிவு’ என்கின்றன. நைட்ஸ்டிக் என்பது அமெரிக்கப் போலீஸ்காரரின் கைத்தடி. லத்திக்குப் பெயர் வைத்த முறிவு! இது ஒன்றே குற்றத்தை நிரூபித்துவிடாது. நேரான எந்த அடியிலும் அப்படி முறியலாம். ஆனால் சொல்லப்படும் கதையும் படத்தில் இருக்கும் முறிவும் பொருந்துகின்றனவா என்று கேட்பது மருத்துவரின் கடமை. அவர் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

முறிவே இல்லாத அடியும் கொல்லும். தொடையிலும் பிட்டத்திலும் தொடர்ந்து அடித்தால் தசை நசுங்கி, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது உயிருக்கு ஆபத்து. எக்ஸ்ரேயில் இது எதுவும் தெரியாது.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் காவல்துறை பிடித்துப்போனது. அவர்களே தரையில் உருண்டு உள்காயம் அடைந்தார்கள் என்று எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டது. அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டது, நீதித்துறை நடுவர் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தார், 23ஆம் தேதி தந்தை இறந்தார். அவர்கள் தலித்துகள் அல்லர். ஆனால் அந்தச் சான்றிதழ் வழியாகத்தான் நம் ஆட்களும் காலங்காலமாக ரிமாண்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் எழுதும் ஒரு வரி இரண்டு உயிர்களின் கடைசி வாய்ப்பையும் பறிக்கும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, காயங்களைக் குறித்து, அந்த அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்பு. நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பை எழுதிக் கேளுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு

நாம் அதிகம் தோற்பது இங்கேதான். முன்கை எலும்பு கூட மூன்று மாதம் ஆகலாம், கீழ்க்கால் எலும்புக்கு நான்கு முதல் ஆறு மாதம். வெட்டுப்பட்ட தசைநாணைத் தைத்தால் கனமான வேலைக்குக் கை தயாராக ஏறக்குறைய 12 வாரம் வேண்டும். அந்தக் காலம் முழுக்க முறையான பயிற்சி கொடுக்காவிட்டால் தைத்த நாண் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் இறுகிவிடும். அறுவை சிகிச்சை பாதி வேலை, மீதிப் பாதி பிசியோதெரபி. அது வாரத்துக்குப் பல நாள் பேருந்து ஏறிப் போக வேண்டிய வேலை.

உப்பளத்தில் வார்பவருக்குக் கைப்பிடிதான் முதலீடு. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவருக்குத் தோள்தான் முதலீடு. முக்கால்வாசி மடங்கும் விரல் எழுதுவதற்குப் போதும், ஆனால் உப்பு வாரும் பலகையை நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கப் போதாது. சாதி வெறியர் கையை வெட்டுவதும் இது தெரிந்துதான். உயிரோடு இரு, ஆனால் எங்கள் முன்னால் நிமிர்ந்து நின்று சம்பாதிக்காதே என்பதுதான் அந்த வெட்டின் செய்தி.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 12(4)ஆம் விதிப்படி 7 நாளுக்குள் நிவாரணம் தொடங்க வேண்டும். மருந்து, சிறப்பு மருத்துவர் ஆலோசனை, ரத்தம், உணவு ஆகியவற்றுக்கு ஆன செலவை மாவட்ட நிர்வாகம் திருப்பித் தர வேண்டும் என்று 11ஆம் விதி சொல்கிறது. 15ஏ பிரிவு விசாரணைக் காலத்தில் பயணச் செலவையும் பராமரிப்புச் செலவையும் மறுவாழ்வையும் உரிமையாக்கியிருக்கிறது. நிரந்தர ஊனம் ஏற்பட்டால், 2016ஆம் ஆண்டின் மத்திய விதிப்படி 100 சதவீதத்துக்கு 8.25 லட்சம், 50 சதவீதத்துக்கு மேல் 4.5 லட்சம், அதற்குக் குறைந்தால் 2.5 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு 2021இல் நிவாரணத் தொகைகளை உயர்த்தியது. அந்தச் சதவீதத்தைத் தீர்மானிப்பதும் ஒரு மருத்துவ அளவீடுதான். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எவ்வளவு இருக்கிறது என்று முழுமையாக அளந்தார்களா என்பதை நாம் உடன் இருந்து பார்க்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. நல்ல திட்டம். லாரி மோதி உடைந்த காலுக்கு இருக்கும் இந்த உத்தரவாதம், சாதி வெறியன் உடைத்த காலுக்கு ஏன் இல்லை? வன்கொடுமையில் அடிபட்டவருக்கும் அதே 48 மணி நேரம், அதற்குப் பிறகு கை கால் இயங்கும்வரை பிசியோதெரபியும் பயணப்படியும் இழந்த கூலியும் வேண்டும். ஒவ்வொரு மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்திலும், எத்தனை வழக்கு என்பதோடு எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கும் வைக்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி படிப்பவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் படிப்பவர்களும் இருக்கிறீர்கள். ஊருக்கு ஒரு குழுவாகச் சேருங்கள். அடுத்த தாக்குதல் நடக்கும் இரவில் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகட்டும், ஒருவர் எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கட்டும். 14ஆம் நாள் மறுபடி அழைத்துப் போகட்டும். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய், “விரலை மடக்கிக் காட்டுங்க அண்ணே” என்று கேட்கட்டும். மடங்கவில்லை என்றால் நம் வேலை முடியவில்லை.